உடைந்த காப்புகளால் ஒரு தோட்டம்

கற்பிட்டியிலிருந்து வள்ளத்தில் போய் உச்சமுனையில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மணல்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் வெயிலில் கொதிக்கும் மணல். அங்குள்ள சகோதரிகளின் மாதாந்தக் கூட்டத்துக்காக அண்மையில் போயிருந்தேன்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் இளம்பெண் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், லாஸ் வேகாஸ் நகருக்கு அருகே, பெரிய பாறைகளுக்கு மஞ்சள், சிவப்பு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் வர்ணங்களைப் பூசி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏழு தூண்கள் நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் முப்பது அடிக்கும் கூடிய உயரம். உகோ ரொண்டினோனே என்ற சுவிஸ் நாட்டுக் கலைஞர் 2016இல் அமைத்தது.

"மிஸ், எங்கட மணலிலயும் இப்படி ஒண்டு வைக்கலாம்தானே?" என்றாள் அவள்.

"பெயின்ற் வாங்க ஆர் காசு தாறது?" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

காசில்லாமல் வர்ணம் சேர்த்த ஒருவரின் தோட்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சிக்காக இந்தியா சென்றபோது சண்டிகர் நகரிலுள்ள 'ரொக் கார்டன்' என்ற இடத்துக்கு எங்களைக் கூட்டிச் சென்றார்கள். ஏதோ பூந்தோட்டம் என்றுதான் நினைத்தேன். குனிந்து நுழையும்படி சிறிய வாசல்கள். ஒடுங்கிய பாதைகள். ஒரு திருப்பத்தில் திடீரென்று வெளியான இடம். அங்கே நூற்றுக்கணக்கான உருவங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஆண்கள், பெண்கள், குரங்குகள், பறவைகள். கிட்டப் போய்ப் பார்த்தால் உடைந்த பீங்கான், மாபிள் துண்டு, கழிவுக் கற்கள். பெண் உருவங்கள் பல உடுத்தியிருந்த சேலை முழுவதும் உடைந்த கண்ணாடிக் காப்புத் துண்டுகள். வெயில் பட்டதும் அவை மினுங்கின. நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

இவற்றைச் செய்தவர் நேக் சந்த். 1924இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947இல் நாடு பிரிந்தபோது குடும்பத்தோடு ஊரை விட்டு வந்தவர். எங்களைப் போல ஓர் அகதி. லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு புதிய தலைநகர் தேவைப்பட்டது. அதுதான் சண்டிகர். அந்த நகரத்தைக் கட்டும் வேலையில் அவர் வீதிப் பரிசோதகராகச் சேர்ந்தார்.

புதிய நகரத்துக்காக அங்கிருந்த பல கிராமங்களை இடித்தார்கள். இடிந்த வீடுகளின் குப்பையில் கிடந்ததை நேக் சந்த் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். யாரும் கட்டடம் கட்டக்கூடாத அரச காட்டுக்குள், 1950களின் பிற்பகுதியில், தனியாக ஓர் ஊரை உண்டாக்கத் தொடங்கினார். பகலில் அரசாங்க வேலை, இரவில் இந்த வேலை. பழைய சைக்கிள் சட்டம், இரும்புக் கம்பி என்பவற்றால் முதலில் ஓர் எலும்புக்கூடு. அதன்மேல் சீமெந்துக் கலவை. அது காயுமுன் உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பார். ஏறக்குறைய 18 வருடங்கள் அதிகாரிகளுக்குத் தெரியாமல் இது நடந்தது.

1970களின் நடுப்பகுதியில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அனுமதியில்லாத கட்டடம், இடித்திருக்கலாம். ஆனால் பார்த்த சனங்கள் அதை விரும்பினார்கள். 1976இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும் உதவிக்கு 50 தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிற்காலத்தில் தோட்டத்தின் ஊடாக வீதி போட இயந்திரங்கள் வந்தபோது, மக்கள் கைகோர்த்து வழிமறித்து நின்றார்கள். 2015இல், 90 வயதில் அவர் காலமானார். தோட்டம் இருக்கிறது.

இதைச் சொல்லி, எடுத்துவந்த புகைப்படங்களைக் கைமாற்றிவிட்டேன். காப்புச் சேலை உடுத்த பெண்களின் படம் ஒரு சகோதரியின் கையில் நெடுநேரம் இருந்தது. மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், 2009இல் அங்கே கணவரைத் தவறவிட்டவர். முகாமிலிருந்து வந்து உச்சமுனையில் உறவினரோடு இருக்கிறார். கணவர் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை ஒரு பதிலும் இல்லை.

"இது ஆற்ற காப்புகள், மிஸ்?" என்று கேட்டார்.

"ஆரோ பெண்கள் போட்டு உடைஞ்சு எறிஞ்சது" என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

அவர் எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு பால்மாப் பேணியோடு வந்தார். உள்ளே பச்சை, சிவப்புக் காப்புத் துண்டுகள். காப்புப் போடக்கூடாது என்று சொந்தக்காரர் சொன்னார்களாம். கழற்றும்போது உடைந்தவற்றை எறிய மனம் வராமல் இத்தனை வருடமும் வைத்திருக்கிறார். "அவர் இல்லையெண்டு ஒருத்தரும் எழுதித் தரேல்ல. பிறகு நான் ஏன் கழட்டினனெண்டு எனக்கே தெரியேல்ல" என்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு வலை பின்னிய அக்காதான் பேசினார். "சங்கக் கட்டட வாசற்படி வெடிச்சுக் கிடக்கு. அடுத்த வள்ளத்தில ஒரு பை சீமெந்து வந்தால் அதில பதிக்கலாம்." ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள உடைந்த கோப்பை, சிப்பி, போத்தல் துண்டு கொண்டுவருவதாகச் சொன்னார்கள். கூர்முனைகளைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிட வேண்டும் என்று நான் நினைவூட்டினேன். பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கும் படி அல்லவா?

வாசகிகளே, இதனால் அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. அதைக் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். ஆனால் காப்புப் போடுவதா விடுவதா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும், அயலவர் அல்ல. அப்படி ஒரு சகோதரி உங்கள் ஊரிலும் இருப்பார். அவர் கையில் வர்ணத்தைக் கண்டால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

நான் வள்ளத்தில் ஏறும்போது அந்தச் சகோதரி வழியனுப்ப வந்தார். பேணியைச் சங்கத்தில் கொடுத்துவிட்டாராம். ஒரு பச்சைத் துண்டை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.