ஜெயிச்சது யாரு? சீட்டு மேசைக்குப் பின்னால் ஒரு மாலை

நீலகிரியின் கேத்தி பாலாடாவிலிருந்து கோவாவுக்கு வேலைக்குப் போன எங்கள் ஊர்த் தம்பி, "எங்க கப்பலை ஒருநாள் உள்பக்கமா பாருங்கக்கா" என்றதும் கிளம்பிவிட்டேன். பணஜியில் படகேறி, மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலுக்கு வந்தாயிற்று. சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள்!

விளக்கும் கம்பளமும் மின்னுகிற முன்வாசல் நமக்கு வேண்டாம். பணியாளர் நடைவழியில் பாருங்கள்: ஆணியில் தொங்கும் கழுத்துப் பட்டிகள், அடுக்கிய டிபன் டப்பாக்கள், ஒரே இஸ்திரிப் பெட்டிக்கு நாலு பேர் வரிசை. தம்பியின் பேன்ட்டில் பைகளைத் தைத்து மூடியிருக்கிறார்கள். "பந்தயச் சிப்ஸ் எதுவும் உள்ளே போயிடக் கூடாதில்லையா?" என்று இரண்டு கைகளையும் விரித்துத் திருப்பிக் காட்டுகிறார். மேசையை விட்டு எழும்போதும் கூரைக் கேமராவுக்கு இப்படித்தான் காட்ட வேண்டுமாம்.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. கோவாவில் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கு 1996-ல்தான் சட்டத் திருத்தம் வழிவிட்டது. 21 வயது நிரம்பியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

கூட்டம் வருவதற்கு முன், மூலையில் ஒரு மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. போக்கர் ஆட்டத்தில் சீட்டுப் போடும் புது டீலர்களுக்குச் சண்டை ஒத்திகை! இரண்டு பேர் கோபக்கார வாடிக்கையாளராக நடிக்கிறார்கள். நடுவில் திறந்து வைத்த ஐந்து சீட்டுகள்: இரண்டு கிங், இரண்டு ஒன்பது, ஒரு ஏஸ். ஒருவர் கையில் இரண்டு ஐந்து, மற்றவர் கையில் குயினும் ஜாக்கும்.

"என்கிட்ட மூணு ஜோடி! பணத்தை எடு!" என்று முதலாமவர் மேசையைத் தட்டுகிறார். புது டீலர் பெண்ணுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு மூச்சு விடுகிறாள். நடுச்சீட்டு ஐந்தையும் ஒவ்வொன்றாக விரலால் முன்னே நகர்த்துகிறாள். "கையில் ரெண்டு, நடுவில் அஞ்சு. ஏழில் சிறந்த அஞ்சுதான் கணக்கு சார். ரெண்டு பேருக்கும் இதே அஞ்சுதான். பணம் பாதி பாதி."

கைதட்டல்! மூன்றாவது ஜோடிக்கு மதிப்பே இல்லை. 52 சீட்டில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அத்தனையிலும் எது பெரியது என்று அவள் நொடியில் சொல்லியாக வேண்டும். பங்கு பிரித்து ஒற்றைச் சிப் மிஞ்சினால்? யாருடைய முறை என்று காட்டும் 'டீலர் பொத்தான்' வில்லைக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவருக்கு. அதற்கும் விதி உண்டு!

"ஊர்ல கேரட்டைக் கழுவிப் பெருசு, சின்னது பிரிப்போமே, அதே கண்ணுதான் அக்கா இதுக்கும்" என்கிறார் தம்பி. உறைபனி விழும் ஊரில் வளர்ந்தவருக்கு, குளிர்சாதனம் ஓடும் அறையிலும் காலர் நனைந்திருக்கிறது.

இரவு பத்து மணி. தம்பியின் மேசையிலேயே நிஜச் சண்டை! ஒருவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தபடி "ஃப்ளஷ்!" என்று கூவுகிறார். அதாவது ஐந்தும் ஒரே ஜாதிச் சீட்டு. எதிரில் ஜாக் ஜோடி வைத்திருந்தவர் முகம் வாடி, சீட்டை எறியக் கை ஓங்குகிறார். "இருங்க சார்" என்று தம்பியின் உள்ளங்கை குறுக்கே நிற்கிறது. "ரெண்டு பேரும் திறந்து காட்டுங்க."

திறந்தால், நாலுதான் ஆர்ட்டின். ஐந்தாவது டைமண்ட்! இரண்டும் சிவப்பு, அவசரத்தில் கண் ஏமாந்திருக்கிறது. "நான் முதல்ல சொல்லிட்டேனே" என்று அவர் வாதாடுகிறார். தம்பி கையை உயர்த்தி ஃப்ளோர் மேனேஜரைக் கூப்பிடுகிறார். வந்தவர் முதலில் டீலரிடம் கேட்கிறார், பிறகு இருவரிடமும். தீர்ப்பு இதுதான்: வாய் சொன்னது கணக்கில்லை, திறந்த சீட்டு சொல்வதே கணக்கு. ஜாக் ஜோடிக்கே பணம்.

சந்தேகம் மிஞ்சினால் கேமரா அறைக்குத் தொலைபேசி. அந்தக் கதவோடு என்னை நிறுத்திவிட்டார்கள். எட்டிப் பார்த்ததில் திரைகளின் நீல வெளிச்சம் மட்டும் தெரிந்தது, அதற்கே எனக்குப் பரவசம்!

உலகெங்கும் போக்கர் போட்டி நடத்துநர்கள் பின்பற்றும் பொது விதிகளை 2001-ல் தொடங்கிய டிடிஏ என்ற அவர்களின் சங்கம் தொகுத்திருக்கிறது. ஆட்டத்தின் நலனும் நியாயமும்தான் முதலில் என்கிறது அது. வெற்றிச் சீட்டைப் பற்றிய புகார் அடுத்த ஆட்டம் தொடங்கும் வரைதான் செல்லும். கட்டைக் கலைக்க ஆரம்பித்தாயிற்றா, முடிந்தது கதை.

இடைவேளையில் தம்பி முகம் கழுவி, காகிதக் கோப்பையில் டீ குடிக்கிறார். "நம்ம மலை டீ மாதிரி வராது அக்கா" என்கிறார். தோற்றவர் திட்டினாரே, வருத்தமில்லையா என்றேன். "பணம் போனவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். நான் யார் பக்கமும் இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்." சொல்லிக்கொண்டே பட்டியைச் சரிசெய்து மேசைக்கு ஓடுகிறார்.

வீட்டில் ரம்மி ஆடினாலும் சரி, இந்த இரவு சொல்லித் தந்ததை மறக்காதீர்கள்: ஜெயித்ததாக யார் கூவினாலும், அவர் சீட்டை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை உங்கள் சீட்டைக் கீழே போடாதீர்கள்!