தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்த எண்

என் தம்பியின் மடிக்கணினியில் 1.1.1.1 என்ற எண்ணைத் தட்டி வைத்தவன் நான்தான். 2023 ஆண்டு இறுதி. அவன் படிவம் ஐந்து மாணவன். இணைய விளையாட்டு பாதியிலேயே நின்று நின்று போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தான். கணினித் துறையில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு வீட்டில் வித்தை காட்ட அது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. இரண்டு நிமிட வேலைதான். வேகம் கூடியதோ இல்லையோ, "அண்ணே, நீங்க வேற மாதிரி" என்றான். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

மறு ஆண்டு ஆகஸ்டில், அவன் பாலிடெக்னிக் செலவுக்காக அம்மா சேர்த்து வைத்திருந்த 1,800 வெள்ளி வங்கிக் கணக்கில் இல்லை. இணையச் சூதாட்டம். அழுதான், அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுபவர். அந்தப் பணம் எத்தனை பொட்டலம் நாசி லெமாக் என்று எங்கள் மூவருக்கும் மனக்கணக்காகவே தெரியும்.

அந்தச் சூதாட்டத் தளம் மலேசியாவில் முடக்கப்பட்டிருந்தது. பிறகு எப்படிப் போனான்? நான் தட்டி வைத்த எண் வழியாகத்தான்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பாடம் தேவைப்படுகிறது. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், கணினிக்கு அந்தப் பெயர் புரியாது; அதற்கு வேண்டியது எண். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். பழைய தொலைபேசிப் புத்தகம் மாதிரி. வழக்கமாக அந்தப் புத்தகத்தை நமக்குத் தருவது நம் இணையச் சேவை நிறுவனம். ஒரு தளத்தை முடக்கச் சொல்லி ஆணை வந்தால், நிறுவனம் தன் புத்தகத்தில் அந்த வரியை மாற்றிவிடும். ஆனால் வீடு இடிக்கப்படுவதில்லை. முகவரி மட்டும்தான் மறைகிறது. வேறொரு புத்தகத்தைப் புரட்டினால் முகவரி கிடைத்துவிடும். கூகுள் தரும் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் தரும் 1.1.1.1 இரண்டும் உலகில் யாரும் இலவசமாகப் புரட்டக்கூடிய அப்படிப்பட்ட புத்தகங்கள்.

2024 செப்டம்பர் முதல் வாரத்தில் இந்த ஓட்டையை அடைக்கும் வேலை தொடங்கியது. வெளிப் புத்தகங்களுக்குப் போகும் கேள்விகளையும் இடைமறித்து, தங்கள் சொந்த டிஎன்எஸ்ஸுக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருந்தது. செப்டம்பர் 30க்குள் முடிக்க வேண்டும். அறிவிப்பைப் படித்துத் தெரிந்துகொண்டவர்களைவிட, தங்கள் இணையம் விநோதமாக நடந்துகொள்வதைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்களே அதிகம் என்று நினைக்கிறேன். எங்கள் வகுப்புப் புலனக் குழு அந்த வெள்ளிக்கிழமை இரவு தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டில் நானே சோதித்தேன். தம்பியின் மடிக்கணினியில் பதிவாகியிருந்த அந்தச் சூதாட்டத் தளத்தின் பெயரைக் கொடுத்து 1.1.1.1இடம் எண் கேட்டேன். பதில் வந்தது. கிளவுட்ஃபிளேரிடமிருந்து வந்ததுபோல்தான் இருந்தது. ஆனால் அது தடை அறிவிப்புப் பக்கத்தின் எண். அதே கேள்வியை வேறொரு நிறுவனத்தின் கைப்பேசி இணைப்பில் கேட்டால் வேறு எண். எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. நான் ஒருவரிடம் கேட்கிறேன், இன்னொருவர் அவர் குரலில் பதில் சொல்கிறார். பாடத்தில் இதைத் தாக்குதல் வகைகளில் ஒன்றாகப் படித்திருந்தேன்.

அன்றே ஆணையம் விளக்க அறிக்கை வெளியிட்டது. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 தளங்கள் முடக்கப்பட்டுள்ளன. அவற்றில் 39 விழுக்காடு சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம், 14 விழுக்காடு பதிப்புரிமை மீறல். பாதிக்கப்படக்கூடியவர்களைக் காப்பதே நோக்கம் என்றது ஆணையம். எதிர்ப்புக் குரல்களும் குறையவில்லை. பாதுகாப்புக்காக வெளி டிஎன்எஸ் பயன்படுத்தும் வணிக நிறுவனங்கள் என்ன செய்யும், மறையாக்கம் செய்யப்பட்ட கேள்விகள் என்னாகும், வருகிற பதில் உண்மையானதா என்று எப்படி நம்புவது என்றெல்லாம் தொழில்நுட்பத் துறையினர் கேட்டார்கள். ஞாயிறு, செப்டம்பர் 8. இத்திட்டத்தைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்தைக் கேட்டுக்கொண்டதாகத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அறிவித்தார்.

நான் கைதட்டிக் குதித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படினா, அந்தச் சூதாட்டக் கடைய மூடிட்டாங்க. நீங்கெல்லாம் சத்தம் போட்டு மறுபடியும் தொறக்க வெச்சிட்டீங்க. அப்படித்தானேய்யா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனாலும் எதிர்த்தவர்கள் பக்கமே நான் நிற்கிறேன், காரணத்தைச் சொல்கிறேன்.

2015 ஜூலையில் 'சரவாக் ரிப்போர்ட்' என்ற தளம் இதே நாட்டில் முடக்கப்பட்டது. அதில் இருந்தது சூதாட்டமல்ல. 1எம்டிபி பற்றிய செய்திகள். 2018 மே மாதம் ஆட்சி மாறிய பிறகே தடை நீங்கியது. அந்த மூன்றாண்டுகளில் அதைப் படித்தவர்கள், என் தம்பி போன அதே பக்கவாசல் வழியாகத்தான் போனார்கள். சூதாடிக்கும் செய்தி தேடுபவனுக்கும் கதவு ஒன்றுதான். அதை அடைக்கும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்பதைக் கதவு பார்ப்பதில்லை. இணையத்தைத் தணிக்கை செய்ய இச்சட்டம் அனுமதிப்பதாகக் கொள்ளக்கூடாது என்று 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதியவர்கள் வெறுமனே எழுதியிருக்க மாட்டார்கள்.

24,277 என்ற எண்ணைச் சொன்னார்கள், சரி. அந்தப் பட்டியலை நீங்களோ நானோ பார்க்க முடியுமா? என் தளம் தவறுதலாக அதில் சேர்ந்துவிட்டால் யாரிடம் முறையிடுவது? பட்டியலை வெளியிடட்டும், நீதிமன்றத்தின் பார்வைக்கு உட்படுத்தட்டும். அதன் பிறகு தடை என்றால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. சிங்கப்பூரும் தளங்களை முடக்குகிற நாடுதான். அது ஏறக்குறைய 100 தளங்களை அடையாளமாக மட்டும் முடக்குவதாகச் சொல்கிறது. அந்தப் பட்டியலும் பொதுப் பார்வைக்கு இல்லை. ஆகவே அதை முன்மாதிரி என்று நான் சொல்லவில்லை.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். தடை உண்மையில் சூதாட்டத்தை நிறுத்துமா? தம்பி பின்னொரு நாள் எனக்கு ஒரு டெலிகிராம் குழுவைக் காட்டினான். ஒரு தளம் முடங்கினால் சில மணி நேரத்தில் அதே தளம், பெயரின் பின்னால் ஓர் எண் மட்டும் மாறி, புதிய முகவரியோடு வந்து நிற்கிறது. நம் சூதாட்டச் சட்டங்கள் 1953இல் எழுதப்பட்டவை. அவற்றுக்குத் தெரிந்தது கடைவீட்டு மாடியில் நடக்கும் சூதாட்டம்; பூட்டினால் பூட்டியதுதான். இந்தக் கடைக்குச் சுவரே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு கல்லாப்பெட்டி உண்டு. தம்பியின் 1,800 வெள்ளியும் ஏதோ ஒரு வங்கிக் கணக்குக்கு, ஏதோ ஒரு பெயருக்குத்தான் போயிருக்கிறது. என்னைக் கேட்டால் துரத்த வேண்டியது அதைத்தான்.

இவ்வளவும் நான் நம்புகிறேன். அப்போது தம்பி இன்னொன்றும் சொன்னான். அது என் வாதத்துக்கு வசதியானதல்ல. சத்தியம் செய்த பிறகும் அவன் நிறுத்தவில்லையாம். அந்த வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு வழக்கம்போல் உள்ளே போனான். சட்டத்துக்குப் புறம்பான தளம் என்ற அறிவிப்பு திரையில் வந்தது. "யாரோ பின்னால நின்னு பார்த்துட்ட மாதிரி இருந்துச்சு அண்ணே" என்றான். புதிய முகவரி குழுவில் காத்திருந்தது. ஆனாலும் அன்றிரவு அவன் கணினியை மூடிவிட்டுப் படுத்தான். மறுநாளும் விளையாடவில்லை. பிறகு தடை நீங்கி, 1.1.1.1 பழையபடி வேலை செய்தது. அவனும் பழையபடி ஆனான். நவம்பரில்தான் தானாக வந்து என்னிடம் உடைத்துச் சொன்னான்.

இரண்டு இரவுகள். நான் கைதட்டிக் குதித்தது அந்த இரண்டு இரவுகள் முடிந்ததற்கும் சேர்த்துத்தான்.

இப்போது எங்கள் வீட்டு ரவுட்டரில் ஓப்பன்டிஎன்எஸ் அமைத்திருக்கிறேன். அதில் சூதாட்டம் என்ற வகையையே மொத்தமாக அடைக்கலாம். வீட்டின் ஐபி முகவரி மாறும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் எரிச்சலான வேலை. இதுவும் வெளியிலிருந்து வரும் டிஎன்எஸ்தான். அன்றைய உத்தரவு நடைமுறைக்கு வந்திருந்தால், பிள்ளைகளுக்காகப் பெற்றோர் தாங்களே போடும் இந்த வேலியும் செயலிழந்திருக்கும். இதை அம்மாவிடம் விளக்கினேன். "அதையும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. அரசாங்கத்தையா, என்னையா?

முன்னாடியே சொல்வது பற்றி ஒன்று. 80 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகத் தளங்கள் 2025 ஜனவரி 1 முதல் உரிமம் பெற வேண்டும் என்று விதி வந்தது. அந்தத் தளங்களுக்கான நடத்தை நெறி வரைவை வெளியிட்டு, 2024 அக்டோபர், நவம்பரில் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. இரண்டு வாரம் திறந்திருந்தது. புலனக் குழுவில் தூங்காமல் கொதித்த எங்கள் வகுப்பில் 38 பேர். கருத்து அனுப்பியவர் ஒருவரும் இல்லை. எனக்குத் தேர்வு இருந்தது என்று சொல்லலாம், உண்மையில் மறந்துவிட்டேன்.

தம்பியின் கைப்பேசி இணைப்புக்கு என் வேலி எட்டாது. அது அவனுக்கும் தெரியும். போன மாதம் அவனே வங்கிச் செயலியைத் திறந்து, ஒரு நாள் பணமாற்ற வரம்பை 50 வெள்ளிக்குக் குறைத்தான். ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னான். மாற்றினேன். புதிய கடவுச்சொல்லை அம்மா சிற்றுண்டிச்சாலைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கடன் வைத்த ஆசிரியர்களின் பெயர்களுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறார்.