அயல்நாட்டுப் பயணமும் நாணய மாற்றும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. பொதுப் பணத்தைக் கையாளுவோர்க்கு இதனினும் சிறந்த விதி வேறில்லை. ஆயினும் அளப்பதற்குரிய கோலே ஊருக்கு ஊர் மாறுமாயின் என் செய்வது? அயல்நாடு செல்லும் நம்மவர் எதிர்கொள்ளும் இடர் இதுவே.

கரூரில் நெய்யும் வீட்டு உபயோகத் துணிகளும் ஈரோட்டு மஞ்சளும் கடல் கடந்து விலைபோவதை யாவரும் அறிவர். அவ்வணிகத்தை நாடி நெசவாளர் சங்கத்தினரும் விவசாயப் பெருமக்களும் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குச் சென்று வருகின்றனர். ஜெர்மனி நாட்டின் பிராங்பர்ட் நகரில் 1971ஆம் ஆண்டு தொடங்கி, வழக்கமாக ஜனவரி மாதத்தில் கூடும் ஹைம்டெக்ஸ்டில் என்னும் ஜவுளிக் கண்காட்சி அவற்றுள் முதன்மையானது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் எங்கள் சங்கத்தின் செயலாளரும் அங்குச் சென்று வந்தார். அவருக்கு நேர்ந்ததை மற்றச் சங்கத்தினரும் அறிதல் நலம் எனக் கருதி, அவர் இசைவுடன் இதனை எழுதுகிறேன்.

கணக்கில் விழுந்த பள்ளம்

திரும்பி வந்த செயலாளர், யூரோ நாணயத்தில் எழுதிய செலவுக் குறிப்பை நிர்வாகக் குழுவின்முன் வைத்தார். அதனை அந்நாளைய அறிவிப்பு விகிதப்படி ரூபாயாக மாற்றிப் பார்த்தபோது, ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய்க்குக் கணக்கில்லை. முப்பது ஆண்டுகளாக ஒரு காசு பிசகாமல் கணக்கு வைத்தவர் அவர். குழுவில் ஒருவரும் அவரை ஐயுறவில்லை. ஆயினும் அவர் முகம் வாடிவிட்டது. "என் கையிலிருந்து கட்டிவிடுகிறேன்" என்றார். குழுவினர் அதற்கு இசையவில்லை. பணம் எங்கே போயிற்று என்று கண்டறிந்தாலன்றி அடுத்த ஆண்டு செல்பவருக்கும் இதே கதிதான் என்று கருதி, இரண்டு மாலை அமர்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். எளிதில் விளங்கும்பொருட்டு, ஒரு யூரோவின் அறிவிப்பு விகிதம் 100 ரூபாய் எனக் கொண்டு சொல்லுகிறேன்.

முதலாவது, புறப்பட்ட இரவில் விமான நிலையத்து மாற்றுக் கடையில் 1,000 யூரோ வாங்கியிருந்தார். அவர்கள் விற்ற விலை 104 ரூபாய். ஆகவே 4,000 ரூபாய் அங்கேயே கழிந்தது. இரண்டாவது, மிஞ்சிய 300 யூரோவைத் திரும்பியதும் அதே வகைக் கடையில் 96 ரூபாய்க்கு விற்றார். 1,200 ரூபாய் குறைந்தது. மூன்றாவது, விடுதிக்கு 400 யூரோவை வங்கி அட்டையால் செலுத்தியபோது, யூரோவிலா, ரூபாயிலா என்று கருவி கேட்டது. நம் நாணயமாயிற்றே என்று ரூபாயைத் தொட்டார். அதில் எட்டு விழுக்காடு கூடுதலாகி 3,200 ரூபாய் போயிற்று. நான்காவது, ஏ.டி.எம். கருவியில் 50 யூரோவாக நான்கு முறை எடுத்தார். ஒவ்வொரு முறையும் நிலையான கட்டணமும் வங்கியின் மேல்விகிதமும் சேர்ந்து ஏறத்தாழ 1,600 ரூபாய் ஆயிற்று. நான்கையும் கூட்டினால் பத்தாயிரம்.

திருடியவர் எவருமில்லை, தொலைத்தவரும் இல்லை. ஆயினும் பத்து பேர் நெய்த உழைப்பின் ஊதியம் கரைந்துவிட்டது. இதனை ரசீதில்லாத செலவு என்று சொல்லலாம்.

விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் விலை

நாணயம் மாற்றுவோருக்கு இரண்டு விலை உண்டு: விற்கும் விலை ஒன்று, வாங்கும் விலை மற்றொன்று. நூல் வியாபாரியிடமும் இவ்வழக்கம் உண்டன்றோ! இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே அவர்கள் ஆதாயம். "கமிஷன் இல்லை" என்ற பலகையைக் கண்டு மகிழவேண்டா. கமிஷன் விகிதத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. டாலர், யூரோ, பவுன், யென் ஆகியவற்றுக்கான அறிவிப்பு விகிதம் ஒவ்வொரு வேலை நாளும் வெளியிடப்படுகிறது. 2018ஆம் ஆண்டு வரை ரிசர்வ் வங்கி வெளியிட்டது, அதன்பின் எஃப்.பி.ஐ.எல். என்னும் நிறுவனம் வெளியிடுகிறது. அதனோடு ஒப்பிட்டு, "இத்தனை ரூபாய் கொடுத்தால் எல்லாம் போக என் கையில் எத்தனை யூரோ வரும்?" என்ற ஒரே வினாவை மூன்று இடங்களில் கேட்டால் போதும். நாணய மாற்றுக்குரிய வரி பெரிதன்று. ஒரு லட்சம் ரூபாய்க்கு 180 ரூபாயே. விகித வேறுபாடே ஆயிரக்கணக்கில் விழுங்குகிறது.

புறப்படுமுன் செய்யவேண்டுவன

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னரே, அங்கீகாரம் பெற்ற வங்கியிலோ மாற்று நிறுவனத்திலோ விலை பேசவேண்டும். செல்லும் நாட்டின் நாணயத்தையே நேராக வாங்குதல் நன்று. ரூபாயை டாலராக்கி, டாலரை மீண்டும் யூரோவாக்கினால் இருமுறை இழப்பு நேரும். துபாய் செல்லும் விவசாய அன்பர்கள் டாலர் கொண்டு சென்றாலும் அங்குத் திர்ஹாமாக மாற்றும்போது ஒரு முறை கூடுதலாகக் கழியும். ஆனால் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், விகிதம் ஏறி இறங்குமோ என்ற அச்சம் அங்கு இல்லை.

ரொக்கமாக எடுத்துச் செல்லும் அந்நிய நோட்டுகள், பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்புக்கு மேற்படலாகாது. அவற்றை ரூபாய் ரொக்கம் கொடுத்து வாங்குவதாயின் 50,000 ரூபாய்க்குள் இருத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டதை வங்கி வழியே செலுத்தவேண்டும். இந்திய நோட்டு 25,000 ரூபாய் வரை கையில் இருக்கலாம். அது திரும்பி வந்து ஊர் சேர்வதற்கேயன்றி அங்கு மாற்றுவதற்கன்று. இவ்விதிகள் அவ்வப்போது மாறுவனவாதலின் வங்கியில் ஒருமுறை கேட்டறிவது கடன்.

பெருந்தொகையை, முன்கூட்டியே யூரோவாக நிரப்பிக்கொள்ளும் செலாவணி அட்டையில் வைப்பது நலம். நிரப்பிய நாளின் விகிதமே நிலைக்கும். ஆனால் யூரோ அட்டையை வேறு நாணயம் வழங்கும் நாட்டில் நீட்டினால் தனிக் கட்டணம் உண்டு. சாதாரண வங்கி அட்டை, வெளிநாட்டில் தானாகச் செல்லுபடியாகும் என்று எண்ணலாகாது. 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணைப்படி, உரியவர் கேட்டுப் பெற்றாலன்றிப் புதிய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே உரியன. யு.பி.ஐ. முறை சில நாடுகளில் சில இடங்களில் மட்டுமே செல்லும். அதை நம்பிப் புறப்படுதல் கூடாது.

அயல்நாட்டில்

ஜெர்மனியில் இன்றும் சிறு கடைகளிற் சில ரொக்கத்தையே விரும்புகின்றன. அந்நாட்டு வங்கி அட்டையன்றிப் பிறிதை ஏற்காத இடங்களும் உண்டு. எனவே 10, 20, 50 யூரோ நோட்டுகளாகக் கேட்டு வாங்கவேண்டும். 200 யூரோ நோட்டைக் கண்டால் ரொட்டிக் கடைக்காரர் தலையசைத்துவிடுவார். இரண்டு அட்டைகளை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்க. ஒன்று தொலைந்தால் மற்றொன்று காக்கும்.

இனி, மறக்கவொண்ணாத விதி ஒன்று: கருவி "ரூபாயிலா?" என்று கேட்டால் "இல்லை" என்றே சொல்லுக. அந்நாட்டு நாணயத்தில் செலுத்தினால், மாற்று விகிதம் அட்டைக் கட்டமைப்பின் வழியே அமையும்; நம் வங்கி அதன்மேல் 3.5 விழுக்காடு வரை மேல்விகிதமும், அதற்கு வரியும் வாங்கக்கூடும். ரூபாயில் செலுத்தினாலோ, கருவிக்குரியவர் தாம் வேண்டும் விகிதத்தைப் போடுவர். அதற்கு மேலும் சில வங்கிகள் தனிக் கட்டணம் விதிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல் இக்கூடுதல் எத்தனை விழுக்காடு என்பதைக் கருவியிற் காட்டவேண்டும் என்று சட்டம் உள்ளது. காட்டுகிறார்கள்; களைத்த கண்ணோடு விடுதிக்கு வருபவர் படிப்பதில்லை.

ஏ.டி.எம். கருவியில் சிறுகச் சிறுகப் பலமுறை எடாமல், தேவையைக் கணித்து ஒரே முறை எடுப்பது சிக்கனம். கடன் அட்டையால் ரொக்கம் எடுப்பதை அறவே தவிர்க்க. கட்டணத்தோடு, எடுத்த நாள் முதலே வட்டியும் ஏறும்.

திரும்பிய பின்

மிஞ்சிய செலாவணியை 180 நாட்களுக்குள் ஒப்படைக்கவேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ள இடமுண்டு. அடுத்த ஆண்டும் ஒருவர் செல்வது உறுதியாயின், எஞ்சிய நோட்டுகளை அவ்வரம்புக்குள் பாதுகாத்தல், விற்று மீண்டும் வாங்கும் இழப்பைத் தவிர்க்கும். சில்லறைக் காசுகளைப் பெரும்பாலும் எவரும் இங்கு மாற்றித் தாரார்; அவற்றை அங்கேயே செலவிட்டு வருக.

எங்கள் குழு அன்று இரண்டு தீர்மானங்கள் செய்தது. பயணக் கணக்கில் "நாணய மாற்றுச் செலவு" என்று தனித் தலைப்பு ஒன்று இருக்கவேண்டும். மாற்றிய ஒவ்வொரு தொகைக்கும் உரிய சீட்டை, அன்றைய அறிவிப்பு விகிதத்தைப் பின்புறம் குறித்து, இணைக்கவேண்டும். இவ்வாறு செய்தால் இழப்பு முற்றிலும் நீங்காது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும், பெயர் பெறும், ஒருவர் தலையில் பழியாய் விடியாது.

2025ஆம் ஆண்டு ஜனவரியிலும் அதே செயலாளரையே அனுப்பினோம். ஏறத்தாழ அதே செலவுக்கு, நாணய மாற்றில் கழிந்தது 3,100 ரூபாய். அவ்வளவுக்கும் சீட்டு இருந்தது. கணக்கைப் படித்து முடித்தபின் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இனி யார் வேண்டுமானாலும் போகலாம்" என்றார்.