ஊட்டிக் குளிரில் கிடாரின் சுருதி ஏறுவது ஏன்?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர்தான். அதற்குள் 326 மீட்டரிலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். அடிவாரத்தில் வியர்வை, மேலே ஸ்வெட்டர்! கேம்ப் ஃபயரில் பாடலாம் என்று கீழேயே சுருதி சேர்த்துக் கொண்டுபோன கிடாரை அங்கே மீட்டிப் பாருங்கள். ஸ்டீல் தந்திகள் சற்றே சுருதி ஏறியிருக்கும். கிடார் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். இது குளிர் செய்யும் வேலை.

ஒரு தந்தியின் சுருதியை முடிவுசெய்பவை மூன்று: நீளம், இறுக்கம், எடை. இந்தக் கணக்கை 1636-ல் பிரான்ஸைச் சேர்ந்த மெர்சென் எழுதிவைத்தார். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிப்பாகும். 12-வது ஃப்ரெட்டில் விரலை அழுத்தினால் கீழ் 'ஸ' மேல் 'ஸ' ஆவது இதனால்தான். இறுக்கத்தை வைத்தே அதிர்வை இரட்டிப்பாக்க வேண்டுமென்றால், நான்கு மடங்கு முறுக்க வேண்டும். அதற்குள் தந்தி அறுந்துவிடும்! அதனால்தான் எடையை மாற்றுகிறார்கள். கிடாரின் ஆறு தந்திகளும் ஒரே நீளம். ஆனால் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர, மெல்லிய தந்தி 330 முறை அதிர்கிறது.

சரி, குளிர் எங்கே வருகிறது? வெப்பம் 15 டிகிரி குறைந்தால், 65 சென்டிமீட்டர் ஸ்டீல் தந்தி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். இரண்டு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் சுருங்க வழியில்லை, இறுக்கம்தான் கூடுகிறது. மரமும் சுருங்கும், ஆனால் ஸ்டீல் அளவுக்கு இல்லை. கூடவே மழை, மூடுபனி என்றால் ஈரம் குடித்த மரம் உப்பி, தந்தியை இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

புல்லாங்குழலின் கதை நேர் எதிர். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால், குழலின் சுருதி இறங்கும். கீழே ஒன்றாக இழைந்த கிடாரும் குழலும் மலையில் ஆளுக்கொரு பக்கம் போவது இப்படித்தான்.

என்ன செய்யலாம்? தங்கும் இடத்துக்குப் போனதும் கிடாரை உறையோடு அரை மணி நேரம் வையுங்கள். அறையின் குளிருக்கு அது பழகிய பிறகு, போனில் உள்ள ட்யூனர் ஆப் உதவியோடு சுருதி சேருங்கள். நெருப்புக்கு மிக அருகில் உட்கார்ந்தால் தந்தி சூடேறித் தளரும்; சுருதி மறுபடி இறங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடாரை விடவே கூடாது. சூட்டில் மரத்தை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

முக்கியமாக, புதிதாகக் கற்கும் குழந்தை வாசிப்பது அபஸ்வரமாகக் கேட்டால், உடனே திட்டாதீர்கள். முதலில் தந்தியைச் சரிபாருங்கள். விரல் சரியான இடத்தில்தான் இருக்கும்.