மின்சார வண்டிக்கும் நாள்வழிக் கணக்கு வேண்டும்

நம் ஊரில் மளிகைக் கடைக்காரர்கள் நான்கு பேர் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு மின்சார வண்டியில் வந்து நிற்கிறது. "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகுமாமே?" என்று ஒருவர் கேட்பார். "பேட்டரி போனால் வண்டியே போச்சு" என்று மற்றொருவர் சொல்வார். நோட்டுப் போட்டுக் கணக்கெழுதிப் பார்த்தவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. கொள்முதல் விலை தெரியாமல் ஒரு மூட்டை துவரம் பருப்பைக் கூட நாம் விற்க மாட்டோம். அப்படிப்பட்ட நாம், விளம்பரத் தாளில் அச்சிட்ட தூரத்தை நம்பி லட்சக்கணக்கில் கடன் எழுதிக் கொடுக்கிறோம்.

அச்சிட்ட தூரம் எவ்வளவு நம்பத் தக்கது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு, 2019 ஜூலையில் கோனா என்ற மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரி 39.2 யூனிட் கொள்ளும். ஒரு முறை நிரப்பினால் 452 கி.மீ. ஓடும் என்று இந்தியச் சோதனைச் சான்று கூறியது. அதே 39.2 யூனிட் பேட்டரி கொண்ட கோனாவுக்கு ஐரோப்பியச் சோதனை முறை கொடுத்த தூரம் 300 கி.மீ. அளவுதான். ஒரே கார், ஒரே பேட்டரி, 150 கி.மீ. வித்தியாசம்! இதில் யாரும் பொய் சொல்லவில்லை. சோதனைக் கூடத்தில் வண்டியை உருளைகளின்மேல் ஏற்றி, வகுத்து வைத்த வேகத்தில் ஓட்டி அளக்கிறார்கள். அந்த வேகத்தை எப்படி வகுக்கிறார்களோ அதற்கேற்ப விடை மாறுகிறது. நம் காந்தி ரோட்டு நெரிசலும், வாலாஜாபாத் சாலை வெயிலும், முதுகில் ஏற்றும் அரிசிச் சிப்பமும் எந்தச் சோதனையிலும் கிடையாது. ஆகவே நம் வண்டியின் கணக்கை நாமே எழுத வேண்டியிருக்கிறது.

எழுதுவது எளிது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் சூடானால் ஒரு யூனிட். வண்டியின் பேட்டரியை அளப்பதும் இதே யூனிட்டில்தான், மின்வாரியம் பில் போடுவதும் இதே யூனிட்டில்தான். டீசல் வண்டியில் இந்த வசதி இருந்ததில்லை. பங்க் மீட்டர் சரியா, ஓட்டுநர் போட்டது முழு அளவா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு. இங்கே சார்ஜ் ஏற்றும் பிளக்குக்கு முன்னால் ஒரு சப் மீட்டர் வைத்துவிட்டால் (வாடகைக் குடித்தனங்களுக்கு வைப்போமே, அதேதான்) எத்தனை யூனிட் போயிற்று என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

வண்டியின் திரையே யூனிட் காட்டுகிறதே, சப் மீட்டர் எதற்கு என்று கேட்கலாம். திரை காட்டுவது பேட்டரியிலிருந்து வெளியே போன மின்சாரத்தை. நாம் காசு கொடுப்பதோ சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்துக்கு. சுவரில் வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றித்தான் பேட்டரியில் ஏற்ற வேண்டும். அந்த மாற்றத்தில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். பத்தில் ஒரு பங்கு, சில வேளை அதற்கு மேலும் குறையும். மூட்டையிலிருந்து சில்லறைக்கு அளக்கும்போது சிந்துவது போலத்தான் இதுவும். சிந்திய அரிசிக்கும் நாம்தானே விலை கொடுத்தோம்?

நோட்டில் ஐந்து பத்தி போதும்: தேதி, வண்டியின் கிலோமீட்டர் ரீடிங், சப் மீட்டர் ரீடிங், போன வழி, ஏற்றிய சரக்கு. முழுவதும் சார்ஜ் ஏறிய நிலையில் ஒரு நாள் காலை தொடங்கி, முழுவதும் ஏறிய மற்றொரு நாள் காலையில் முடிக்க வேண்டும். "இன்று 40 சதவீதம் செலவு" என்று ஓட்டுநர் எழுதி வைப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சதவீதம் என்பது வண்டிக்குள் இருக்கும் கருவியின் மதிப்பீடு. "இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்" என்று திரை காட்டுவதும் அப்படியே, முந்தின ஓட்டத்தைப் பார்த்து அது சொல்லும் ஊகம் அது.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். 2022 மே மாதம் அறிமுகமான டாடா ஏஸ் மின்சாரச் சரக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். 600 கிலோ சுமை, 21.3 யூனிட் பேட்டரி, சான்றில் கண்ட தூரம் 154 கி.மீ. காகிதத்தின்படி கி.மீ.க்கு 0.14 யூனிட் ஆகிறது. நம் நோட்டில் ஒரு மாதத்தில் 1,500 கி.மீ. ஓட்டமும், சுவர் மீட்டரில் 300 யூனிட்டும் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். கி.மீ.க்கு 0.20 யூனிட். அதாவது யூனிட்டுக்கு 5 கி.மீ. கடை இணைப்பில் யூனிட் 10 ரூபாய் வீதம் போட்டால் கி.மீ.க்கு 2 ரூபாய். "ஒரு ரூபாய்" என்று கேள்விப்பட்டது இரண்டாகிவிட்டது.

இதே எண்ணிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிந்துவிடுகிறது. சுவரில் 0.20 என்றால் பேட்டரியிலிருந்து சுமார் 0.18. 21.3 யூனிட்டும் தீரும் வரை ஓட்டினால் 118 கி.மீ. ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால் 95 கி.மீ. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை கொத்தவால்சாவடி போய்த் திரும்ப 150 கி.மீ. அளவு. 154 என்ற எண்ணை நம்பிக் கிளம்பியவர், திரும்பும் வழியில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்பே சரக்கோடு நிற்க வேண்டியதுதான். உத்திரமேரூர் போய்வர 60 கி.மீ., வாலாஜாபாத் போய்வர அதில் பாதி. இவற்றுக்குக் கவலையில்லை.

யூனிட்டை எது தின்கிறது என்பதும் ஒரு மாத நோட்டைப் பார்த்தால் புலப்படும். சுமைதான் முதல் எதிரி என்று நாம் நினைப்போம். நம் ஊர் போன்ற சமதரையில், பெங்களூர் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு உண்மையில் வேகம்தான் முதல் எதிரி. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. டீசல் வண்டி ஊருக்குள் அதிகம் குடித்து நெடுஞ்சாலையில் குறைவாகக் குடிக்கும். மின்சார வண்டி இதற்கு நேர்மாறு. ராஜ வீதிகளில் கருட சேவைக் கூட்டத்துக்காக அரை மணி நேரம் நின்றாலும் மோட்டார் சும்மா சுழன்று கொண்டிருப்பதில்லை. பிரேக் போடும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பி வரும். ஆகவே கடை கடையாக நின்று நின்று சரக்கு இறக்குகிற வியாபாரத்துக்குத்தான் இது ஏற்ற வண்டி.

கார் வைத்திருப்பவர்கள் ஏ.சி.யைக் கவனிக்க வேண்டும். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் எடுத்தால், 60 கி.மீ. வேகத்தில் கி.மீ.க்கு 0.017 யூனிட்தான் கூடுகிறது. மணிக்கு 15 கி.மீ. என்று ஊர்ந்தால் 0.067 யூனிட் கூடுகிறது. நெரிசலில் மின்சாரக் காரின் லாபத்தைத் தின்பது இதுதான். டயரில் காற்று குறைந்தாலும் யூனிட் ஏறும். இரண்டு வாரம் தொடர்ந்து 0.20 என்று வந்த எண் காரணமின்றி 0.23 ஆனால், முதலில் டயரைப் பாருங்கள்.

இனி யூனிட்டின் விலை. கடை இணைப்பு வணிகக் கட்டண வகையில் இருப்பதால் கணக்கு நேரானது. வீட்டில் சார்ஜ் ஏற்றும் கார்க்காரர்கள்தான் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். 2025ஆம் ஆண்டு நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், இரண்டாவது நூறுக்கு இருந்த மலிவு விலையும் போய்விடும். ஏற்கெனவே 400 யூனிட் எரிக்கும் வீட்டில் கார் 300 யூனிட் எடுத்தால் மொத்தம் 700. அப்போது பில்லை 700ஆல் வகுத்துச் சராசரி விலை காண்பது சரியல்ல. கார் இல்லாவிட்டால் 400 யூனிட்டுக்கு எவ்வளவு கட்டியிருப்போம், இப்போது 700க்கு எவ்வளவு கட்டினோம், அந்த வித்தியாசத்தை 300ஆல் வகுத்தால் வருவதே காருக்கு ஏற்றிய யூனிட்டின் விலை. சராசரியைவிட இது கணிசமாகக் கூடுதலாக இருக்கும். இலவச நூறு யூனிட்டைக் காரின் வரவில் எழுதிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது! கார் வருவதற்கு முன்பும் அந்த நூறு இலவசமாகத்தான் இருந்தது.

வெளியே தனியார் சார்ஜ் நிலையங்களில் ஏற்றினால் கதை வேறு. யூனிட் 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் ரூ.23.60. கி.மீ.க்கு 4 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. டீசல் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

அந்த டீசல் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். லிட்டர் 90 ரூபாய், சிறிய சரக்கு வண்டி லிட்டருக்கு 18 கி.மீ. கொடுத்தால் கி.மீ.க்கு 5 ரூபாய். மின்சார வண்டியில் மிச்சம் 3 ரூபாய். இந்த இடத்தில்தான் பலர் கணக்கை மூடிவிட்டு வண்டி பார்க்கக் கிளம்புகிறார்கள். மின்சார வண்டி 3 லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி முதல் ஆண்டில் 30,000 ரூபாய். மாதம் 25 நாள், நாளுக்கு 30 கி.மீ. ஓடினால் ஆண்டு மிச்சம் 27,000. வட்டிக்கே போதவில்லை, அசல் எங்கே அடையும்? நாளுக்கு 60 கி.மீ. ஓடினால் மிச்சம் 54,000. வட்டி போக 24,000 நிற்கிறது. நாளுக்கு 100 கி.மீ. என்றால் மிச்சம் 90,000. வட்டியைச் சேர்த்துப் பார்த்தாலும் நான்கைந்து ஆண்டில் கூடுதல் விலை அடைந்துவிடும். ஆனால் 100 கி.மீ. என்பது மேலே சொன்ன 95 கி.மீ. எல்லையைத் தாண்டுகிறது. மதியம் கடை வாசலில் இரண்டு மணி நேரம் சார்ஜில் போட இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லை என்பது உண்மையே. அதையும் மிச்சத்தில் சேர்க்கலாம். அதே நேரம் விலை வித்தியாசத்தை இன்றைய விலையில் கேட்டு எழுதுங்கள். மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். டீசல் சரக்கு வண்டிக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆயிற்று. பழைய விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவோம். சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும். சொந்த உபயோகக் காருக்கு முடியாது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இரண்டுமே இல்லை. வரி இல்லாத சரக்கும் சேர்த்து விற்பவர்கள் எவ்வளவு கழிக்கலாம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பேட்டரியைப் பற்றிய பயம் பழைய அனுபவத்திலிருந்து வருகிறது. பெங்களூரிலிருந்து 2001இல் வந்த ரேவா காரில் இருந்தவை ஈய அமில பேட்டரிகள். இன்வெர்ட்டர் பேட்டரி சில ஆண்டில் படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்த ஜாதி. இப்போதைய லித்தியம் பேட்டரிக்குப் பல கார்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள். உத்தரவாதத் தாளில் "எத்தனை சதவீதத்துக்குக் கீழே கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள்" என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் முழு சார்ஜோடு நாள் முழுவதும் நிறுத்தி வைப்பது பேட்டரிக்கு ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே வழியில், ஒரே சுமையில் ஓட்டிப் பார்த்து, முழு பேட்டரிக்கு எத்தனை கி.மீ. வந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் பேட்டரி தேய்வது தெரியும். வண்டியை விற்கும்போது அந்தப் பக்கம் விலை பேச உதவும்.

கி.மீ. கணக்கோடு நின்றுவிடவும் கூடாது. நமக்கு வேண்டியது மூட்டைக்கு என்ன ஆயிற்று என்பது. உத்திரமேரூர் போய்வர 60 கி.மீ., மின்சாரச் செலவு 120 ரூபாய். 26 கிலோ சிப்பம் இருபது ஏற்றினால் (25 கிலோ வரை கட்டிய அரிசிக்கு 2022 ஜூலையில் வரி வந்ததும் பிறந்த எடை இது) சிப்பத்துக்கு 6 ரூபாய். எட்டுச் சிப்பத்தோடு போனால் 15 ரூபாய். வண்டி அதே வண்டிதான், நோட்டில் 0.20 அதே 0.20தான். கடன் கேட்ட ஒரு கடைக்காரருக்காக எட்டுச் சிப்பத்தோடு கிளம்பிய நாட்களை ஐந்தாவது பத்தி காட்டிக் கொடுத்துவிடும்.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. 3.3 கிலோவாட் சார்ஜர் 15 ஆம்பியர் அளவு மின்சாரத்தை ஏழு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். பழைய கடைகளின் மெல்லிய வயரும் தேய்ந்த பிளக்கும் அதைத் தாங்கா. தனி வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் இல்லாமல் சார்ஜ் போட வேண்டாம். கடையின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாவிட்டால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். அதற்கேற்ப நிலைக்கட்டணமும் ஏறும். அதையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டை எந்த நாளில் தொடங்குவது என்றால், மின்வாரிய ஊழியர் வந்து கடை மீட்டரைக் குறித்துப் போகும் அன்று தொடங்குவது வசதி. அன்றே சப் மீட்டர் ரீடிங்கையும் எழுதிவிட்டால், இரண்டு மாதம் கழித்து வரும் பில்லில் கடைக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம்.