ஆமை வயிற்றில் கல்

பாலைவனத்துப் பிராணிக்குத் தண்ணீர் எதற்கு என்று நினைப்பவர் பலர். வீட்டில் வளரும் தரை ஆமைகளின் சிறுநீர்ப்பையில் கல் விளைவதற்கு இந்த நினைப்பே முதற் காரணம் எனலாம்.

நம் உடலில் புரதம் சிதைந்து யூரியாவாகிறது. அது நீரில் எளிதில் கரையும். தரை ஆமையோ பறவைகளைப் போல யூரிக் அமிலத்தை வெளியேற்றுகிறது. அது நீரில் கரைவது மிக அரிது. வெண்ணிறக் குழம்பாகவே கழியும். நீர்ச் சிக்கனத்துக்கு நல்ல உபாயந்தான். ஆனால் ஆமையின் சிறுநீர்ப்பை கழிவுப்பை மட்டுமன்று, தண்ணீர்த் தொட்டியுங்கூட. தாகம் நீளும்போது அதிலுள்ள நீர் பையின் சுவர் வழியே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். எஞ்சும் யூரேட் உப்புக்கள் இறுகி, படிவின்மேல் படிவாகச் சேரும். எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்துவிட்டால், வயிற்றுப்புற ஓட்டை அறுத்துத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும்.

நம் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே உதாரணத்துக்கு அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போவோம். அங்குள்ள ஆமை தரையைப் பறித்துச் சிறு குழி செய்கிறது. மழைநீர் தேங்கியதும் வயிறாரக் குடித்து, பழைய கெட்டிச் சிறுநீரைக் கழித்துவிட்டுப் புதுநீரை நிரப்பிக்கொள்கிறது. அதைக் கொண்டு மாதக் கணக்கில் காலந்தள்ளும். கையிலெடுத்தால் அஞ்சி அந்நீரை இழந்துவிடும் என்பதால், காட்டு ஆமையைத் தூக்காதீர் என்று அங்கே எச்சரிக்கிறார்கள். கலிபோர்னியாவில் உரிமம் பெற்று வளர்க்கப்படும் இதே ஆமைக்கு, வளர்ப்பவர்தான் மழை!

அகன்ற தட்டில், தாடைக்கு எட்டாத உயரத்துக்கு வெதுவெதுப்பான நீர் விட்டு, 15 அல்லது 20 நிமிடம் ஆமையை அதில் விட வேண்டும். வளர்ந்தவற்றுக்கு வாரம் ஓரிரு முறை, குஞ்சுகளுக்கு இன்னும் அடிக்கடி. குடிப்பதோடு, கழிவையும் பெரும்பாலும் அங்கேயே விடும். அருவருக்காமல் அதைப் பாருங்கள். வழவழவென்றிருந்தால் நலம்; மணல்போல் நறநறத்தால் நீர் போதவில்லை.

தீனியில், நாய்க்கு விற்கும் உணவும் இறைச்சியும் ஆகவே ஆகா. மிகைப் புரதம் அத்தனையும் யூரிக் அமிலமாகும். புல், களைச்செடிகள், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை ஏற்றவை. மனிதர் சிறுநீரகக் கல்லை நினைத்துச் சுண்ணாம்புச் சத்தைக் குறைப்பாரும் உளர். வீண் வேலை, ஆமைக் கல் பெரும்பாலும் யூரேட். சுண்ணாம்பு குறைந்தால் ஓடுதான் மெலியும்.

ஆமை முக்கினாலோ, பின்கால்களை இழுத்து நடந்தாலோ, தீனியை மறுத்தாலோ தாமதியாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.