மஞ்சள் ரோபோவுக்கு ஒரு காகிதத் தொப்பி

ஜப்பானில் சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு பகல்நேர மையம். விளையாட்டு அறையின் தரையில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பந்துகளைப் போல, மஞ்சள் நிற ரப்பர் பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உயரம் 12 சென்டிமீட்டர்தான். ஆட்டிசம் உள்ள மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அதன் பக்கமே வருவதில்லை. அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பொம்மையின் நேர்ப்பார்வையில் பட்டுவிடாமல், பக்கவாட்டிலும் பின்னாலும் நின்று அதைக் கவனிப்பதோடு சரி.

ஒருநாள் இன்னொரு குழந்தை காகிதக் குழாய் ஒன்றை எடுத்துப் பொம்மையின் தலையில் தொப்பிபோல மாட்டுகிறது. அதைப் பார்த்த சிறுமி தன் தெரபிஸ்ட்டிடம் போகிறாள். கையைப் பிடித்துப் பொம்மையிடம் இழுத்து வருகிறாள். அதேபோல் மாட்டச் சொல்லிப் பேசாமலே கேட்கிறாள். தொப்பி ஏறியதும் திருப்தியோடு விலகிவிடுகிறாள். அதன் பிறகும் அவசரப்படவில்லை. பல அமர்வுகள் கழித்து ஒரு குச்சியால் பொம்மையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கும் பிறகுதான் கையால் தொட்டாள்.

அந்தப் பொம்மையின் பெயர் கீப்பான். ஹிடேகி கோஸிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் உருவாக்கிய ரோபோ. கண்களில் கேமரா, மூக்கில் மைக். அதற்குத் தெரிந்ததெல்லாம் திரும்பிப் பார்ப்பது, தலையசைப்பது, சாய்வது, குதிப்பதுபோல் உடலைச் சுருக்கி விரிப்பது. பெரும்பாலும் வேறிடத்திலிருந்து ஒருவர்தான் அதை இயக்கிக்கொண்டிருப்பார். இவ்வளவு எளிய பொருள் அந்தச் சிறுமியை எதைச் செய்ய வைத்தது? ஒரு பெரியவரின் கையைப் பிடித்து, தனக்கு வேண்டியதைக் கேட்க வைத்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ரோபோவைத் துணையாக்கும் இந்தத் துறையின் பயன், அவள் அந்தக் கையைப் பிடித்ததில்தான் இருக்கிறது.

இயந்திரத்திடம் குழந்தை ஏன் இளகுகிறது? மனித முகம் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. புருவம் ஏறும், உதடு கோணும், வாய் ஒன்று சொல்லக் கண் வேறொன்று சொல்லும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இத்தனையையும் ஒரே நேரத்தில் தாங்குவது கடினம். ரோபோவோ நூறாவது முறையும் அதே குரலில், அதே அசைவில் பதில் தரும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் குழந்தைக்குப் பயம் குறைகிறது.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1976-லேயே எடின்பரோவில் சில்வியா வெயர், ரிக்கி இமானுவேல் இருவரும், சக்கரங்களில் நகரும் ‘ஆமை’ ரோபோவை ஆட்டிசம் உள்ள ஏழு வயதுச் சிறுவன் பொத்தான்களை அழுத்தி ஓட்டியபோது அவனிடம் கண்ட மாற்றங்களைப் பதிவு செய்தார்கள்.

இன்று இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் ரோபோக்களில் ஒன்று காஸ்பர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் டாட்டன்ஹான், பென் ராபின்ஸ் உள்ளிட்டோர் 2005 முதல் வளர்த்தெடுத்தது. சின்னப் பையன் அளவு, பையன்களின் உடை, தலையில் தொப்பி. முகம் மட்டும் வேண்டுமென்றே வெறுமையாக, ஓரிரு பாவனைகளோடு விடப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சி என்றால் மகிழ்ச்சி, வருத்தம் என்றால் வருத்தம். நடுவில் குழப்பம் கிடையாது.

காஸ்பரின் உடலில் தொடுஉணரிகள் இருக்கின்றன. பாதத்தை மெல்ல வருடினால் கூச்சப்பட்டுச் சிரிக்கும். கிள்ளினாலோ அடித்தாலோ வலிக்கிறது என்று சொல்லி முகத்தைக் கையால் மூடிக்கொள்ளும். சக மாணவனைக் கிள்ளும் குழந்தைக்கு, தன் பிடியின் அழுத்தம் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்கிறது என்பது அவ்வளவு சுலபமாகப் புரிவதில்லை. காஸ்பரிடம் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கலாம், யாருக்கும் காயமில்லை. அப்போது பக்கத்தில் ஆசிரியர் இருக்கிறார். ‘பாரு, அவனுக்கு வலிக்குது, மெதுவாத் தடவு’ என்று குழந்தையின் கையைப் பிடித்துக் காட்டுகிறார். அந்த ஆசிரியர் இல்லாவிட்டால் காஸ்பர் கத்தும் பொம்மை, அவ்வளவுதான்.

இன்னொரு விளையாட்டு இதைவிட நுட்பமானது. குழந்தை ஒரு விலங்கு பொம்மையைக் காஸ்பரின் கண்ணுக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். தெரிந்தால் அந்த விலங்குபோலக் காஸ்பர் குரல் கொடுக்கும். தனக்குத் தெரிவது எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்றே எண்ணும் குழந்தை, கொஞ்சம் கொஞ்சமாகப் பொம்மையைத் திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது.

சரி, ரோபோவிடம் பழகியது மனிதரிடம் பலிக்குமா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஸ்காஸலாட்டி குழுவினர் இதை வீட்டிலேயே வைத்துச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். 6 முதல் 12 வயது வரையிலான 12 குழந்தைகள். ஜிபோ என்ற மேசை ரோபோவோடு, பெற்றோரில் ஒருவர் உடனிருக்க, தினம் 30 நிமிடம், 30 நாள் விளையாட்டு. அதன்பின் ரோபோ இல்லாத இடத்திலும், பெரியவர் பார்க்கும் பொருளைத் தானும் பார்த்துக் கவனத்தைப் பகிர்ந்துகொள்ளும் திறன் கூடியிருந்தது. ஆனால் ரோபோவை எடுத்துச் சென்ற பின் அந்த முன்னேற்றம் முழுதாக நிலைக்கவில்லை. 12 பேரை வைத்துப் பெரிய தீர்ப்பு எதுவும் எழுதவும் முடியாது. நம்பிக்கை தரும் தொடக்கம் என்று சொல்லலாம். மருந்து என்று சொல்லக் கூடாது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுப்பும் ஒரு கேள்வியும் இங்கே முக்கியம். கண்ணைப் பார்த்தே பேச வேண்டும் என்று குழந்தையை ஏன் பழக்குகிறீர்கள்? பார்க்காமலும் எங்களால் கேட்க முடியும் என்கிறார்கள் அவர்கள். குழந்தைக்கு எது தேவை என்று முடிவு செய்யும்போது இந்தக் குரலையும் கேட்டே ஆகவேண்டும்.

கம்பெனி மூடினால் என்ன ஆகும் என்பது இன்னொரு கவலை. ஜிபோவைச் செய்த நிறுவனம் நிலைக்கவில்லை. 2019-இல், தன்னை இயக்கும் சர்வர்கள் நிறுத்தப்படப் போவதை அந்த ரோபோவே வீடுகளில் அறிவித்தது. 5 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்காக விற்கப்பட்ட மாக்ஸி ரோபோவின் நிறுவனமும் 2024 டிசம்பரில் மூடப்படுவதாக அறிவித்தது. தோழன் இனிப் பேசமாட்டான் என்பதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். பழக்கம் மாறினாலே கலங்கிப்போகும் ஆட்டிசக் குழந்தைக்கு இந்தப் பிரிவு எவ்வளவு கனமானது!

ஆகவே, பிள்ளைக்காகவோ பள்ளிக்காகவோ ரோபோ வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதை அணைத்து வைத்த பிறகு குழந்தை மனிதர்களிடம் என்ன செய்கிறது என்று யார் அளந்திருக்கிறார்கள்? இணையமும் உங்கள் நிறுவனமும் இல்லாமல் போனாலும் இது ஓடுமா? தெளிவான பதில் வராவிட்டால், அந்தப் பணம் ஒரு நல்ல சிறப்பாசிரியரின் சம்பளத்துக்குப் போகட்டும்.